புகார் எண் கையில் இருக்கிறதா?

சித்தி எனக்குப் போன் செய்தபோது இரவு மணி ஒன்பதே கால். பணம் போனது மதியம் மூன்றரைக்கு. நடுவில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் அவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் ஆட்டோ பிடித்து வங்கிக் கிளைக்கு ஓடியிருக்கிறார். கவுண்டர் மூடிவிட்டது, நாளைக்கு வாங்க என்று வாசலில் இருந்த காவலாளி சொல்லிவிட்டார். அங்கிருந்து பக்கத்துக் காவல் நிலையம். "இது சைபர் கிரைம்மா, இங்க எடுக்க மாட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் பேசியபோதும் முதலில் சொன்னது, "சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா" என்பதுதான்.

கே.ஒய்.சி. புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று ஒருவன் பேசி, அவன் அனுப்பிய ஆப்பைச் செல்பேசியில் இறக்க வைத்து, 1,84,000 ரூபாயை எடுத்திருந்தான். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர் சித்தி. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு நான் அழைத்து விவரம் பதிந்தபோது மணி ஒன்பதே முக்கால். அதற்குள் பணம் மூன்று கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. கடைசிக் கணக்கில் எடுக்கப்படாமல் கிடந்த 22,000 ரூபாய் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அதுவும் பல மாதம் கழித்து நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் கைக்கு வந்தது.

மதியம் மூன்றே முக்காலுக்கே அந்த நான்கு இலக்க எண்ணை அவர் அழைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது. ஏமாந்தவர், குறை உள்ளவர், கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ நியாயம் கிடைக்காதவர் நம் ஊரில் எங்கே போகலாம்? போனால் என்ன நடக்கும்? சட்டத்தையும் சுற்றறிக்கைகளையும் படித்தேன், நானே ஒரு வழக்கும் நடத்தினேன். இடங்கள் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கின்றன. எதற்கு எங்கே, எது முதலில் என்பது தெரியாமல்தான் மக்கள் தோற்கிறார்கள். இதைத் தெரிந்துவைத்திருக்கும் சுமையை முழுக்க ஏமாந்தவரின் தலையில் வைத்திருப்பது சரியில்லை என்பது என் முடிவு.

முதலில் பிரிக்க வேண்டியது இரண்டு வகை. வாங்கிய ஃபிரிட்ஜ் ஓடவில்லை, இன்சூரன்ஸ்காரர் பணம் தர மறுக்கிறார், பில்டர் வீட்டை ஒப்படைக்கவில்லை என்பது குறை. எதிரில் இருப்பவர் யார், அவர் கடை எங்கே என்பது நமக்குத் தெரியும். இதில் அவசரம் மாதக் கணக்கில்தான், வேண்டியது காகிதம். முகம் தெரியாதவன் போனிலோ வாட்ஸ்அப்பிலோ பணத்தைப் பறிப்பது மோசடி. அங்கே நேரம் நிமிடக் கணக்கில் ஓடுகிறது, வேண்டியது தொலைபேசி. குறைக்குப் போகும் வழியில் மோசடியைக் கொண்டுபோனால் பணம் போய்விடும். மோசடிக்குப் போகும் வழியில் குறையைக் கொண்டுபோனால், "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

மோசடியில் நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? பறித்த பணத்தை அவர்கள் ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஏதோ ஒரு கல்லூரி மாணவர், ஏதோ ஒரு கூலித் தொழிலாளி என்று பலருடைய கணக்குகள் வழியாகப் பணம் பிரிந்து பிரிந்து ஓடுகிறது. கடைசியில் ஏ.டி.எம்.மிலோ கிரிப்டோவிலோ கரைகிறது. 1930 என்பது இந்த ஓட்டத்தைத் துரத்த 2021இல் மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நிறுவிய ஏற்பாட்டின் எண். தொடக்கத்தில் 155260 என்றிருந்தது, பிறகு சுருக்கப்பட்டது. அழைப்பை எடுப்பவர் நம் மாநிலக் காவல்துறையினர். நாம் சொல்லும் விவரம் திரையில் ஏறியதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. கணக்கில் பணம் இருந்தால் அந்த வங்கி நிறுத்திவைக்கிறது, அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் தாண்டுகிறது. திருடன் ஓடும் தடத்திலேயே புகாரும் ஓடுகிறது. யார் முந்துகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் கணக்கு எண், பணம் போன தேதியும் நேரமும், தொகை, குறுஞ்செய்தியிலோ யு.பி.ஐ. ஆப்பிலோ தெரியும் பரிவர்த்தனை எண். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம்.கவ்.இன் என்ற அரசுத் தளத்தில் நேரடியாகப் பதியலாம். எப்படிப் பதிந்தாலும் ஓர் ஒப்புகை எண் வரும். அதை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். செல்பேசியே திருடன் பிடியில் இருக்கும்போது அதற்குள் சேமித்து வைப்பதில் அர்த்தமில்லை. மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. அடுத்த நாள் அங்கே போகும்போது இந்த எண்தான் பேசும்.

காவல் நிலையத்தில் "எங்கள் எல்லை இல்லை" என்று சொன்னால் என்ன செய்வது? 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை எந்த எல்லையில் நடந்திருந்தாலும் நிலைய அதிகாரி பெற்றாக வேண்டும் என்கிறது. சித்தியை அனுப்பிவைத்தவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. எஃப்.ஐ.ஆர். உடனே போடாவிட்டாலும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்டு வாங்க வேண்டும்.

1930க்கு அடுத்த அழைப்பு வங்கிக்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று வகுத்தது. வங்கியின் தவறும் இல்லை, நம் தவறும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் சொல்லிவிட்டால் இழப்பு நம்முடையதல்ல. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஓர் உச்சவரம்பு வரைதான் நம் பொறுப்பு. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டோம் என்றால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் கணக்கில். ஆனால் தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இந்த ஒரு வரியை எத்தனை கிளை மேலாளர்கள் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? சித்தியிடம் யாரும் சொல்லவில்லை. "நீங்கதான மேடம் ஓ.டி.பி. குடுத்தீங்க" என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள்.

வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மக்கள் ஓம்பட்ஸ்மேன் என்று சொல்வது இவரைத்தான். வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனம், வாலட் என்று தனித்தனியாக இருந்த ஏற்பாடுகள் 2021 நவம்பர் 12 அன்று ஒன்றாக்கப்பட்டன. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448. வங்கியில் முதலில் புகார் கொடுக்காமல் நேராக இங்கே வந்தால் மனு தள்ளுபடியாகும். அங்கேயும் முதல் கேள்வி, வங்கி கொடுத்த புகார் எண் எங்கே என்பதுதான்.

வங்கித் தவறுகள் எல்லாமே இவ்வளவு பெரியவை அல்ல. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி தானாகத் தர வேண்டிய தொகை இது. தராதபோது கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி குறைகளின் பக்கம் வருகிறேன். 2022 கோடையில் நான் 31,500 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். ஐந்தாவது மாதம் கம்ப்ரஸர் நின்றது. கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்க என்றார், கம்பெனி சர்வீஸ் சென்டரைக் கேளுங்க என்றது. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்ல சார், வாரண்டில வராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டெபிலைசர் ஓரத்தில் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் பால் பாக்கெட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக் குடித்தோம்.

முதலில் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். இவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தருகிறார்கள். அவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பல, கோர்ட் வரை போகாமல் இங்கேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. இணையத்தில் வாங்கிய பொருள்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு விற்பனைத் தளத்திலும் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் விஷயத்தில் நிறுவனம் 'வோல்டேஜ்' பதிலையே திருப்பி அனுப்பியது. அந்தப் பதிலும் பிறகு வழக்கில் ஆவணமாகப் பயன்பட்டது.

அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், மக்கள் வாயில் கன்சூமர் கோர்ட். 1986இல் வந்த சட்டத்தின் இடத்தில் 2019 சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதில் எனக்குப் பிடித்த திருத்தம், நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. முன்பு எதிர்தரப்பு இருக்கும் இடத்துக்கோ சம்பவம் நடந்த இடத்துக்கோ போக வேண்டியிருந்தது. தென்காசிக்காரர் பெங்களூருக்கு அலைவதா என்று விட்டுவிடுவார். இன்று அவர் தன் பகுதிக்கான ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம், கம்பெனிதான் வர வேண்டும்.

கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து அல்ல, பொருளுக்கு நாம் கொடுத்த விலையை வைத்துத்தான் இந்தக் கணக்கு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். "பார்க்கிறோம் சார், அடுத்த மாசம் சார்" என்று இழுத்தடிக்கும் நிறுவனங்கள் இந்த இரண்டு வருடத்தை நன்றாக அறிந்தவை. வக்கீல் கட்டாயம் இல்லை. இணையத்திலேயே தாக்கல் செய்ய 2020இல் இ-தாக்கில் வந்தது, 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்ற தளம் இயங்குகிறது.

நான் நேரில்தான் போனேன். முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ், ஒப்புகையுடன் தபாலில். பதினைந்து நாள் கெடு. பதில் இல்லாததால் மனு. மனுவில் நடந்ததைத் தேதி வரிசையில் எழுதினேன், இன்ன தேதி வாங்கினேன், இன்ன தேதி நின்றது, இன்ன எண்ணில் புகார் என்று. பில், வாரண்டி கார்டு, மெக்கானிக் எழுதிய சீட்டு, குறுஞ்செய்திகளின் நகல், 1915இன் பதில், நிரூபண வாக்குமூலம். பில் பிரின்ட் மங்கத் தொடங்கியிருந்தது. தெர்மல் காகிதத்தில் அச்சாகும் பில் ஒரு வருடத்தில் வெள்ளைத்தாளாகிவிடும் என்று என் வரிசையில் இருந்த ஓர் அம்மா சொன்னார். அவருடைய மிக்ஸி பில் அப்படித்தான் ஆகியிருந்தது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

விசாரணை, பரிசோதனை தேவைப்படாத வழக்கில் மூன்று மாதத்துக்குள், தேவைப்பட்டால் ஐந்து மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். என் வழக்கு பதினான்கு மாதம் ஓடியது. ஒன்பது வாய்தா. ஒரு முறை கோரம் இல்லை, இரண்டு முறை எதிர்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். எதிர்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. 46ஆம் நாள் வரும் பதிலுரையை ஏற்க வேண்டாம் என்று மனுதாரரே எழுந்து சொல்லலாம். கடைசியில் முழு விலையும் 5,000 ரூபாய் செலவுத் தொகையும் தர உத்தரவாயிற்று. அந்த நாள் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய ஃபிரிட்ஜைத் துடைத்து வைத்தேன், கம்பெனிக்காரர் எடுத்துப்போகட்டும் என்று.

இந்தத் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. தலைவர், உறுப்பினர் பதவிகளை அரசு காலியாக விட்டுவைக்கும்போது சட்டம் சொல்லும் மூன்று மாதம் வெறும் எழுத்தாகிவிடுகிறது. ஆனாலும் போகாதீர்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். மருத்துவமனைகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, யாரோ சிலர் வாய்தாவுக்கு அலைந்ததால்தான்.

துறைவாரியான இடங்கள் வேறு. அச்சிட்ட விலைக்கு மேல் கூலிங் சார்ஜ் என்று இரண்டு ரூபாய் வாங்கினால், எடை குறைந்தால், தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவு ஆய்வாளர். இன்சூரன்ஸ் என்றால் நிறுவனத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பொறுத்து, பிறகு சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். இழப்பு 50 லட்சத்துக்கு மேல் என்றால் இவர் எடுக்க மாட்டார். பங்குச் சந்தை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் புகார் தளம். வீடு, மனை என்றால் 2016 சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். மின்வாரியம் என்றால் மின்னகம் என்ற புகார் மையம், அடுத்து வட்டந்தோறும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். ரேஷன் கடைக்கு 1967. செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம், எண் 15100.

தங்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் சேமிப்பே அதில்தானே. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருக்க வேண்டும். அதை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அடித்துப் பார்த்தால் என்ன நகை, என்ன தரம் என்று காட்டும். தரம் குறைந்திருந்தால் குறைவின் மதிப்பில் இரண்டு மடங்கும் பரிசோதனைச் செலவும் கடைக்காரர் தர வேண்டும்.

குறைக்கும் மோசடிக்கும் நடுவில் நிற்பது நம் மாநிலத்தின் பழைய நோய், அதிக வட்டி. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டபோதுதான் முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல் வந்தது. அதன் பிறகும் தேக்கு மர முதலீடு போய் ஈமு கோழிப் பண்ணை முதலீடு வந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் பண்ணைகள் கவிழ்ந்தபோது பறவைகள் தீனியின்றி நின்றன. 2022இல் வெளிப்பட்ட ஆருத்ரா நிறுவன வழக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. இத்தகைய புகாருக்கு இடம் அந்தப் பிரிவுதான். அவர்கள் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று, புகார் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுகிறார்கள். புகார் கொடுக்காதவர் பெயர் பட்டியலில் ஏறாது. ஏஜென்ட்டாக இருந்தவர் சொந்த மாமாவோ மச்சானோ என்பதால் புகாரே கொடுக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். "மாசாமாசம் தர்றேன்னு சொல்லியிருக்கார்" என்று காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் பெயரைப் பதியுங்கள்.

ஒருமுறை ஏமாந்தவரை இரண்டாம் முறை ஏமாற்றவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். தேடுபொறியில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. வங்கி எண்ணைப் பாஸ்புக்கிலும் கார்டின் பின்புறத்திலும் பாருங்கள். 1930, 1915, 14448, 15100 எதுவும் பணம் கேட்காது, ஓ.டி.பி. கேட்காது. சி.பி.ஐ. என்றும் சுங்கத்துறை என்றும் வீடியோவில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

இத்தனை எண்கள், இத்தனை தளங்கள். இவற்றை எழுதும்போதே எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்றால், பணத்தை இழந்து கை நடுங்கி நிற்பவருக்கு எப்படி இருக்கும்? தீ பிடித்தால் எந்த வகைத் தீ என்று நம்மைக் கேட்பதில்லை. அழைத்தால் வண்டி வருகிறது. குறைகளுக்கும் அப்படி ஒரே எண், எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் மனுவை ஏற்று உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பும் கடமை வேண்டும். ஒவ்வொரு வங்கிக் கிளை வாசலிலும், கடன் விளம்பரத்துக்கு ஒதுக்கும் அளவு பலகையில், 1930 என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். சித்தி அன்று அந்த வாசல் வரை போனார். எண் எங்கும் இல்லை.

அப்படி ஓர் ஏற்பாடு வரும் வரை நம்மால் முடிந்ததைச் செய்வோம். உங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டர் அட்டையில், சிலிண்டர் பதியும் எண்ணுக்குப் பக்கத்தில், 1930, 1915 இரண்டையும் பெரிதாக எழுதி வையுங்கள். எழுதும்போதே வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பணம் போனால் உடனே எங்களிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம் என்று. சித்தி அன்று யாரிடமும் சொல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தது, திட்டுவார்களே என்ற பயத்தில்.